விதைப்புக்கு முன் வந்து சேரும் பணம்: கென்யாவின் சிறு நிலங்களில் ஏழு நாள்

நாள் 1 | ஆகஸ்ட் 25 | நைரோபி – முரங்கா

தீக்கா நெடுஞ்சாலையில் வடக்கே போனால் முதலில் கண்ணில் படுவது அன்னாசி. பல கிலோமீட்டருக்கு ஒரே பயிர், ஒரே உயரம், ஒரே முதலாளி. அது முடிந்து முரங்காவின் மலைமடிப்புகள் தொடங்கியதும் நிலம் சுக்கு நூறாக உடைகிறது. அரை ஏக்கர், ஒரு ஏக்கர், மிஞ்சினால் இரண்டு ஏக்கர். அந்தத் துண்டுக்குள்ளேயே காப்பி, வாழை, மக்காச்சோளம், சரிவில் மண் இறங்காமல் தடுக்க நேப்பியர் புல் வரிசை, கொட்டிலில் ஒரு பசு, வீட்டோரம் சுகுமா விகி கீரை. கென்யாவின் மொத்த உற்பத்தியில் விவசாயத்தின் நேரடிப் பங்கு சுமார் ஐந்தில் ஒன்று. நாட்டின் உணவில் பெரும்பகுதி வருவது இந்தத் துண்டு நிலங்களிலிருந்துதான். இங்கே ஷாம்பா என்றால் தோட்டம், வயல், பிழைப்பு மூன்றும்.

சிறு விவசாயத்தில் பணம் போட வருகிறவர்கள் முதலில் கேட்பது "ஏக்கருக்கு எவ்வளவு?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: பணம் எந்த மாதம் கைக்கு வருகிறது, எந்த மாதம் திருப்பிக் கேட்கப்படுகிறது? இந்த ஏழு நாள் குறிப்புகளும் அந்தக் கேள்வியின் பின்னால்தான் போகின்றன.

முரங்காவில் இப்போது எல்லோர் வாயிலும் அவகாடோ. கொடைக்கானல் கீழ்மலையில் பட்டர் ஃப்ரூட் என்று விற்கும் அதே பழம். ஏற்றுமதிக்குப் போவது ஹாஸ் ரகம். 7 மீட்டருக்கு 7 மீட்டர் இடைவெளி விட்டால் ஏக்கருக்குச் சுமார் 80 மரம். குழி இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம். மேல்மண்ணைத் தனியே ஒதுக்கி, மக்கிய எருவோடு கலந்து, அதையே முதலில் உள்ளே தள்ள வேண்டும். ஒட்டு போட்ட இடம் மண்ணுக்கு மேலே நன்றாகத் தெரிய வேண்டும். அதை மண்ணில் புதைத்துவிடுவதும், தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் நடுவதும்தான் இங்கே கன்று சாவதற்கு முதல் இரண்டு காரணங்கள். தேங்கிய ஈரத்தில் வேரழுகல் வந்தால் மரம் நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வரும். அப்புறம் மருந்து ஊற்றிப் பயனில்லை.

ஒட்டுக்கன்று மூன்றாம் ஆண்டில் காய்க்கத் தொடங்கும். செலவை எடுக்கிற காய்ப்பு ஐந்தாம் ஆண்டு வாக்கில்தான். அதுவரை மரத்துக்கிடையில் பீன்ஸ் போட்டுச் சமாளிக்கிறார்கள். ஓராண்டுக் கடனில் அவகாடோ நட்டவர், காய் வருவதற்கு முன்பே பசுவை விற்க வேண்டியிருக்கும்.

காய் வந்தபிறகு கெடுவது அறுவடையில். ஹாஸ் மரத்திலேயே பழுக்காது, பறித்தால்தான் பழுக்கும். வெளியிலிருந்து பார்த்து முற்றலா பிஞ்சா என்று சொல்வது கடினம் என்பதால் நீர் போக மிஞ்சும் உலர்பொருள் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். சதையைத் துருவி 10 கிராம் நிறுத்து, மைக்ரோவேவில் விட்டுவிட்டுச் சூடாக்கி, எடை இனிக் குறையாது என்ற நிலையில் மறுபடி நிறுக்க வேண்டும். 2.4 கிராமுக்குக் குறையாமல் நின்றால் 24 சதவீதம், பறிக்கலாம். தரகர்கள் பள்ளிக் கட்டணம் கட்டும் வாரமாகப் பார்த்து வந்து, முற்றாத காயையும் சேர்த்து மொத்த மரத்துக்கும் விலை பேசி முடித்துவிடுவார்கள். அந்தக் காய் ஐரோப்பியக் கடையில் பழுக்காமல் சுருங்கும். அதன் பழி மொத்த முரங்காவுக்கும் வரும். ஆண்டுக் கடைசியில் ஏற்றுமதியை அரசு நிறுத்தி வைப்பது இதற்காகத்தான்.

பறிப்பதற்குக் கத்தரி பொருத்திய நீளக் கழி, அதன் கீழே துணிப் பை. காம்பு அரை சென்டிமீட்டராவது காயோடு இருக்க வேண்டும். பிய்த்து எடுத்தால் அந்த ஓட்டை வழியே அழுகல் நுழையும். தரையில் விழுந்த காய் உள்ளூர்ச் சந்தைக்கு மட்டும். 2023 கடைசியில் செங்கடல் வழி ஆபத்தாகி, கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போகத் தொடங்கியபின் பயணத்தில் கூடுதலாகச் சுமார் இரண்டு வாரம் சேர்ந்தது. அதனால் பறித்த அன்றே காய் குளிர்க் கிடங்குக்குள் போவது முன்பைவிட அவசியமாகிவிட்டது. இங்கே பணம் போடுவதாக இருந்தால் கன்று வாங்கிக் கொடுப்பதைவிட, நல்ல கத்தரிக் கழிகள், நிழல் போட்ட சேகரிப்புக் கொட்டகை, ஒரு தராசு, ஒரு மைக்ரோவேவ் ஆகியவற்றில் போட்டால் அந்தப் பருவத்திலேயே பலன் தெரியும்.


நாள் 2 | ஆகஸ்ட் 26 | கராத்தினா, ரகாத்தி

காலையில் மூடுபனி, மதியம்வரை வெயில் வரவில்லை. ஜூலை, ஆகஸ்ட் குளிரில் தேயிலைக் கொழுந்து மெதுவாகத்தான் விடும்.

கென்யாவில் சிறு விவசாயியின் தேயிலைக்கென்று எழுந்த முதல் தொழிற்சாலை 1957இல் இந்த ரகாத்தியில் வந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்வரை ஆப்பிரிக்கர்கள் பணப்பயிர் வைப்பதற்கே காலனி அரசின் கட்டுப்பாடு இருந்தது. 1954இல் வந்த ஸ்வின்னர்ட்டன் திட்டம்தான் கதவைத் திறந்தது. விடுதலைக்குப் பிறகு 1964இல் தேயிலை வளர்ச்சி ஆணையம் உருவானது. காமன்வெல்த் வளர்ச்சிக் கழகமும் உலக வங்கியும் கடன் கொடுத்தன. அந்தப் பணம் எதில் இறங்கியது என்பதுதான் கவனிக்க வேண்டியது: நாற்று, தொழிற்சாலை, சாலை மூன்றிலும். கொழுந்து லாரி மழையில் சறுக்காமல் வர வேண்டும் என்றே சரளைச் சாலைகள் வெட்டப்பட்டன. 2000இல் ஆணையம் தனியார்மயமாகி, விவசாயிகளே பங்குதாரர்களான தொழிற்சாலைக் கம்பெனிகளின் பொது முகமையானது. இன்று ஆறு லட்சம் சிறு விவசாயிகளுக்கு மேல் இதில் இருக்கிறார்கள். நாட்டின் தேயிலையில் பாதிக்கு மேல் இவர்கள் பறிப்பது.

நான்கடிக்கு இரண்டரை அடி இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 4,300 செடி. ஏழு முதல் பதினான்கு நாளுக்கு ஒரு சுற்று, இரண்டு இலை ஒரு மொட்டு. கூடையில் அமுக்கக் கூடாது. அமுக்கினால் உள்ளே சூடேறி இலை சிவக்கும், சிவந்தது தராசுக்கே வராது. சேகரிப்பு நிலையத்தில் பலகையில் கொட்டி முரட்டு இலையைப் பொறுக்கி எறிகிறார்கள். சுமார் நாலரை கிலோ பசுந்தேயிலை ஒரு கிலோ தேயிலைத் தூளாகிறது.

பணம் இரண்டு தவணை. எடைக்கு ஏற்ப ஒரு சிறு தொகை மாதாமாதம் வரும். மொம்பாசா ஏலத்தில் விற்று, தொழிற்சாலைச் செலவு போக மிஞ்சியது ஆண்டுக்கு ஒருமுறை, அக்டோபர் வாக்கில் வரும். போனஸ் என்பது அதன் பெயர். பெயர்தான் போனஸ், உண்மையில் அது விவசாயியின் சொந்த விற்பனைப் பணம். மாதப் பணத்தில் உப்பு, மண்ணெண்ணெய். போனஸில் ஓடு வேய்வது, பிள்ளையின் கல்லூரி. உரம் 26:5:5, 50 கிலோ மூட்டை, சுமார் 700 செடிக்கு ஒன்று. முகமையே கடனாகக் கொடுத்து, கொழுந்துப் பணத்தில் பிடித்துக்கொள்கிறது. அடமானப் பத்திரம் இல்லை, வசூல்காரர் இல்லை. மாதாமாதம் பசுந்தேயிலை விலைக்காகக் காத்திருக்கும் நீலகிரிச் சிறு விவசாயிக்கு இந்த இரண்டாம் தவணை என்ற ஏற்பாடு நின்று பார்க்க வேண்டிய ஒன்று.

குறைகளும் உண்டு. ரிஃப்ட் பள்ளத்தாக்குக்குக் கிழக்கே உள்ள தொழிற்சாலைகள் நல்ல போனஸ் கொடுக்கும்போது மேற்கே அது பாதியாகக்கூட இறங்கிவிடும். ஏலத்தில் தரத்துக்குக் கிடைக்கும் விலை வேறு. 2021இல் ஏலத்துக்குக் கிலோ சுமார் 2.4 டாலர் என்று அடிமட்ட விலை வைத்தார்கள். விவசாயியைக் காப்பதற்காக வைத்ததுதான். ஆனால் அந்த விலைக்கு வாங்க ஆள் இல்லாத தேயிலை மொம்பாசாக் கிடங்குகளில் தேங்கியது; தேங்கியது பழசானது, பழசானது இன்னும் விலை குறைந்தது. விலையைக் காகிதத்தில் தூக்கி நிறுத்தலாம், இருப்பு சொல் கேட்காது.


நாள் 3 | ஆகஸ்ட் 27 | கராத்தினா – நகுரு – புங்கோமா

முழு நாளும் சாலை. நியாஹுருரு பக்கம் நிலநடுக்கோட்டைத் தாண்டி, பள்ளத்தாக்கில் இறங்கி நகுரு, மறுபடி ஏறி எல்டோரெட். எல்டோரெட்டைச் சுற்றிப் பெரிய பண்ணைகள். மக்காச்சோளம் இன்னும் பச்சையாக நிற்கிறது, அறுவடை அக்டோபருக்குப் பிறகுதான். வெபுயே சரிவில் இறங்கி மேற்கே வரவர நிறம் பழுப்பாகிறது. புங்கோமா, புசியா பக்கம் கதிர் ஒடித்து முற்றத்தில் காயவைத்துவிட்டார்கள்.

வழியில் தேசியத் தானிய வாரியத்தின் கிடங்குகள். அரசு மானிய உரம் 50 கிலோ மூட்டை 2,500 ஷில்லிங்குக்கு இங்கே கிடைக்கிறது. 2024இல் மானிய உரம் என்று தரமற்ற சரக்கு விவசாயிகளிடம் போய்ச் சேர்ந்து நாடு முழுக்கப் பிரச்சினையானது. அதற்குப் பிறகு உரமே வாங்காமல் நட்டவர்களும் உண்டு. நடவின்போது அடியுரமாகப் போடும் டிஏபியின் குருணை உருண்டையாக, கெட்டியாக, ஒரே அளவில் இருக்க வேண்டும். மண்போல உதிர்ந்தால் சந்தேகப்பட வேண்டும். கண் பார்த்துச் சொல்வது இவ்வளவுதான். மொத்தமாக வாங்கும் சங்கம், ஒவ்வொரு லோடிலும் ஒரு மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பும் செலவைத் தன் கணக்கில் எழுதியே ஆக வேண்டும்.


நாள் 4 | ஆகஸ்ட் 28 | புங்கோமா

ஒரு ஏக்கர் மக்காச்சோளத்துக்கு என்ன தேவை என்று இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே பட்டியல் வரும்: 10 கிலோ வீரிய விதை, 50 கிலோ டிஏபி, மேலுரமாக 50 கிலோ சிஏஎன் என்ற தழைச்சத்து உரம். வரிசைக்கு வரிசை 75 சென்டிமீட்டர், குழிக்குக் குழி 25, குழிக்கு ஒரே விதை. அப்படி நட்டால் ஏக்கரில் 21,000 செடிக்கு மேல் நிற்கும். அளவுக்கு முடிச்சுப் போட்ட கயிறு ஒன்று போதும். முன்பெல்லாம் வீசி விதைத்து, ஒரு குழியில் மூன்று நான்கு போட்டு, செடிகள் ஒன்றையொன்று நெருக்கி மெலிந்தன.

குழியில் முதலில் அளவு மூடியால் டிஏபி, அதன்மேல் இரண்டு விரல் மண், பிறகு விதை, பிறகு மண். உரமும் விதையும் தொட்டுக்கொண்டால் முளை கருகும். "உரம் நிலத்தைக் கொன்றுவிட்டது" என்று சொல்லும் பல வயல்களில் நடந்தது இதுதான். சிஏஎன் முழங்கால் உயரத்தில், மண் ஈரமாக இருக்கும் நாளில், செடிக்கு அரை டீஸ்பூன். அதிகம் போட்டால் பணம்தான் கரையும். ஆண்டுக்கணக்கில் டிஏபி மட்டுமே போட்ட நிலம் புளித்துப்போயிருக்கும்; கார அமில அளவு (pH) 5.5க்குக் கீழே இறங்கியிருந்தால் சுண்ணாம்பு போடாமல் உரத்தை இரட்டிப்பாக்கிப் பயனில்லை. மணிச்சத்தை மண்ணே பிடித்துவைத்துக்கொள்ளும். நாட்டு விதையும் கைப்பிடி உரமுமாக ஏக்கருக்கு எட்டு மூட்டை எடுத்த நிலம், இவை எல்லாம் சரியாக அமைந்த ஆண்டில் இருபது தாண்டும். மூட்டை இங்கே 90 கிலோ.

பட்டியல் எல்லோருக்கும் தெரியும் என்றால் ஏன் எல்லோரும் செய்வதில்லை? நடவு மார்ச் நடுவில். அந்த மாதம் வீட்டில் பணம் இருக்காது. போன அறுவடை தின்று தீர்ந்து, கடையில் மக்காச்சோளம் வாங்கும் காலம் அது. அப்போது கைபேசியில் உடனே கிடைக்கும் கடன் உண்டு. 2012இல் வந்த எம்-ஷ்வாரி 30 நாளுக்கு 7.5 சதவீதம் கட்டணம் பிடிக்கிறது. மக்காச்சோளம் கதிர் முற்ற நான்கைந்து மாதம். முப்பது நாள் கடனை விதைப்பில் போட்டவர், களை எடுக்கும் வாரத்தில் இன்னொரு கடன் வாங்கி முதல் கடனை அடைப்பார். கடன் கெட்டது என்று சொல்ல வரவில்லை. பயிருக்கு ஒரு நாள்காட்டி, கடனுக்கு வேறு நாள்காட்டி என்பதுதான் கேடு.

இதைப் புரிந்துகொண்டு 2006இல் இதே புங்கோமாவில் தொடங்கியதுதான் ஒன் ஏக்கர் ஃபண்ட். கையில் காசு கொடுப்பதில்லை. விதையும் உரமும் நடவுக்கு முன்பே, நடந்து போகும் தூரத்தில் ஓர் இடத்தில் இறக்குகிறார்கள். அக்கம்பக்கத்து விவசாயிகள் ஒரு குழுவாகச் சேர்ந்து பொறுப்பேற்கிறார்கள். தவணைத் தொகை இவ்வளவு என்று கட்டாயம் இல்லை. கடைசித் தேதிக்குள் முடிய வேண்டும், அவ்வளவே. கோழி விற்றால் ஐம்பது ஷில்லிங், கூலி வந்தால் நூறு, கைபேசியிலேயே பணம் அனுப்பும் எம்-பேசாவில் அனுப்பிக்கொண்டே இருக்கலாம். 2007இல் எம்-பேசா வந்திராவிட்டால் இத்தனை சிறு தொகைகளை வசூலிக்கும் செலவே கடனை விழுங்கியிருக்கும்.

குழுப் பொறுப்பில் ஒரு கூர்மை உண்டு. வறட்சி வந்தால் குழுவில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வரும். ஒருவரை ஒருவர் தூக்க முடியாது. எனவே மழைக் காப்பீட்டைக் கடனோடு சேர்த்துக் கட்டாத திட்டத்தில் பணம் போடுவது விவசாயிகளை ஒருவர்மேல் ஒருவர் ஏவிவிடுவதற்குச் சமம்.


நாள் 5 | ஆகஸ்ட் 29 | புசியா

உகாண்டா எல்லை. லாரி வரிசை கிலோமீட்டர் கணக்கில். சந்தையில் மக்காச்சோளம் கோரோகோரோவால் அளக்கிறார்கள். இரண்டு கிலோ சொச்சம் பிடிக்கும் பழைய தகர டப்பா அது. டப்பாவின் அடியை உள்ளே குத்திவிட்டால் அளவு குறையும் என்பது வாங்குபவருக்கும் தெரியும், விற்பவருக்கும் தெரியும்.

இந்த வாரம்தான் ஆண்டிலேயே விலை மிகக் குறைந்த நேரம். இதே வாரத்தில்தான் எல்லோரும் விற்கிறார்கள். பள்ளிக் கட்டணம், பழைய கடன், சாவு வீட்டுச் செலவு எல்லாம் அறுவடைக்காகக் காத்திருந்தவை. அடுத்த மே, ஜூனில் அதே ஆள் அதே சந்தையில் அதே டப்பாவில் வாங்குவார். மேற்குக் கென்யாவில் அறுவடைக்கும் பஞ்ச மாதங்களுக்கும் இடையே விலை 25 முதல் 40 சதவீதம் ஏறுவது வழக்கம்.

இந்த இடைவெளியைப் பிடிக்க இரண்டு பொருள் வேண்டும்: கெடாமல் வைக்க ஒரு பை, விற்காமல் இருக்க ஒரு சிறு கடன்.

முதலில் தானியத்தைக் காயவைப்பது. வெறும் தரையில் காயவைத்தால் மண்ணிலுள்ள பூஞ்சணம் தானியத்தில் ஏறும். அந்தப் பூஞ்சணம் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் நஞ்சு 2004இல் கிழக்குக் கென்யாவின் மக்குவேனி, கிட்டுயி பகுதிகளில் 317 பேரைத் தாக்கியது. 125 பேர் இறந்தார்கள். ஈரத்தோடு வீட்டுக்குள் அடுக்கிவைத்த மக்காச்சோளம்தான் காரணம். ஆகவே தார்ப்பாய் விரித்துத்தான் காயவைக்க வேண்டும், ஈரம் 13.5 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். ஈரமானி இல்லாத வீட்டில் உப்புச் சோதனை: நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மக்காச்சோளம், இரண்டு மூன்று மேசைக்கரண்டி உலர்ந்த உப்பு. மூடி ஒரு நிமிடம் பலமாகக் குலுக்கி, கால் மணி நேரம் அப்படியே வைக்க வேண்டும். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாவிட்டால் 15க்குக் கீழே என்றுதான் பொருள், 13.5 என்று பொருளல்ல. எனவே அதற்குப் பிறகும் ஒரு நல்ல வெயில் காட்டிவிட்டே கட்ட வேண்டும். உப்பு ஏற்கெனவே காற்றில் ஈரம் குடித்திருந்தால் சோதனையே பொய்.

பிறகு பை. மூன்றடுக்குப் பையைப் பிக்ஸ் என்கிறார்கள்: உள்ளே தடித்த பாலித்தீன் உறை இரண்டு, வெளியே நெய்த சாக்கு. 1980களின் பிற்பகுதியில் காமெரூனில் காராமணியை வண்டிலிருந்து காக்க அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தார் உருவாக்கியது. இறுகக் கட்டினால் உள்ளே உள்ள வண்டும் தானியமும் மூச்சுவிட்டே ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். வண்டு தின்பதை நிறுத்திக் காய்ந்து சாகும். மருந்து தேவையில்லை. தானியத் துளைப்பான் வண்டு 1980களில் தான்சானியா வழியாக உள்ளே வந்ததிலிருந்து சாதாரணச் சாக்கில் வைத்த மக்காச்சோளம் சில மாதங்களில் மாவாகிவிடுகிறது. அதற்குப் பயந்தே அவசரமாக விற்றவர்கள் ஏராளம்.

கட்டும் விதம் முக்கியம். உறையை ஊதி அமுக்கி ஓட்டை இருக்கிறதா பார்க்க வேண்டும். கதிர்த் துணுக்கு, கல் எல்லாம் புடைத்து எடுக்க வேண்டும். ஒரு கூர் போதும் உறையைக் குத்த. உள்ளுறையை நிரப்பி, காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை முறுக்கி மடித்துக் கயிறு கட்ட வேண்டும். இரண்டாம் உறையும் அதே போல, பிறகு சாக்கு. மரப்பலகை மேல், சுவரைத் தொடாமல் வைக்க வேண்டும். தினம் ஒரு படி எடுக்கத் திறக்கும் பையில் ஆக்சிஜன் மீண்டும் ஏறும். சாப்பாட்டுக்கு ஒரு பை தனி, விற்பனைக்கு வைத்ததைத் தொடக் கூடாது. ஈரமாகக் கட்டினால் பைக்குள்ளே புளித்து நாறும். பையைக் குற்றம் சொல்லி அடுத்த ஆண்டு யாரும் வாங்க மாட்டார்கள்.

கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டு. பத்து மூட்டை, இப்போது மூட்டை 3,000 ஷில்லிங் என்றால் 30,000. மே மாதம் 40 சதவீதம் ஏறினால் 42,000. பை ஒன்று 250 வீதம் 2,500. இப்போதைய செலவுக்கு 15,000 கடன், மாதம் 1.5 சதவீத வட்டி, ஒன்பது மாதத்துக்கு 2,025. மிஞ்சுவது 7,475. அதுவே விலை 15 சதவீதம் மட்டும் ஏறினால்? ஏற்றம் 4,500, செலவு 4,525. இருபத்தைந்து ஷில்லிங் நட்டம். அரசு அந்த ஆண்டு வரியில்லா இறக்குமதிக்கு அனுமதி கொடுத்தாலோ, உகாண்டா அறுவடை எல்லை தாண்டிப் பெருகினாலோ இந்த நிலைதான். கடனில் சேமித்துவைக்கச் சொல்லுகிறவர் இந்த இரண்டாம் கணக்கையும் விவசாயிக்குக் காட்ட வேண்டும். பை இரண்டு மூன்று பருவம் உழைக்கும் என்பதால் அடுத்த ஆண்டு கணக்கு கொஞ்சம் இளகும்.

இந்த வட்டாரத்தில் பொருளியலாளர்கள் நடத்தி 2019இல் வெளியிட்ட கள ஆய்வு ஒன்று, அறுவடை நேரத்தில் கொடுக்கும் கடன் விவசாயிக்கு உண்மையிலேயே லாபம் தந்ததைக் காட்டியது. ஆனால் ஒரே வட்டாரத்தில் பலரும் கடன் வாங்கிச் சேமித்தபோது விலை இடைவெளியே சுருங்கியது. சேமித்தவரின் லாபம் குறைந்தது. சேமிக்க ஏதுமில்லாத, வாங்கித் தின்னும் ஏழைக்குப் பஞ்ச மாத விலை இறங்கியது. முதலீட்டாளரின் ஏட்டில் இந்த நன்மைக்கு ஒரு பத்தி கிடையாது. நாட்டின் கணக்கில் இதுவே பெரியது.

இதே புசியாவில்தான் எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரெமர், ஜொனதன் ராபின்சன் மூவரும் உரத்தை வைத்து ஒன்று செய்து பார்த்தார்கள். முடிவு 2011இல் வெளியானது. பெரிய மானியம் எதுவும் இல்லை. அறுவடை முடிந்து கையில் காசு புரளும் அந்தச் சில நாளில் வீட்டுக்கே போய், "அடுத்த பருவத்து உரத்துக்கு இப்போதே பணம் கட்டுங்கள், பிறகு இலவசமாகக் கொண்டுவந்து தருகிறோம்" என்று கேட்டார்கள். உரம் போடுவோர் எண்ணிக்கை நன்றாகவே கூடியது. அதே சலுகையை நடவு நேரத்தில் கொடுத்தபோது அவ்வளவு பயனில்லை. ஆள் அதே ஆள், உரம் அதே உரம், மாதம்தான் வேறு.


நாள் 6 | ஆகஸ்ட் 30 | லுவாண்டா கோட்டியெனோ – ம்பிட்டா

விக்டோரியா ஏரியைப் படகில் கடந்தால் ம்பிட்டா. இந்தக் கரையில் மக்காச்சோளத்தைத் தின்பது ஊதாப் பூ. தமிழ்நாட்டுச் சோளக்கொல்லைகளில் சுடுமல்லி என்று பெயர்பெற்ற ஒட்டுண்ணியின் ஆப்பிரிக்க உறவு; லுவோ மக்கள் காயோங்கோ என்கிறார்கள். மண்ணுக்கடியில் வேரோடு ஒட்டிச் சாறு உறிஞ்சும். பூ வெளியே தெரியும்போது பயிர் ஏற்கெனவே குன்றியிருக்கும். ஒரு செடி பல்லாயிரம் விதை சிந்தும், அவை மண்ணில் பத்தாண்டுக்கு மேல் உயிரோடு கிடக்கும். கேழ்வரகையும் விடாது. கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலத்தில் பிறந்து நம் ஊருக்கு வந்த கேழ்வரகுக்கு இங்கே விம்பி என்று பெயர், காலையில் கூழாகக் குடிக்கிறார்கள்.

ம்பிட்டாவிலுள்ள இச்சிப்பே பூச்சியியல் ஆய்வு மையத்தில், ஜெயாவுர் கானும் இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் ஆய்வாளர்களும் 1990களில் உருவாக்கியது தள்ளு–இழு முறை. வயலைச் சுற்றி மூன்று வரிசை நேப்பியர் புல். மக்காச்சோளத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி. நடுவில் மக்காச்சோள வரிசைகளுக்கிடையே டெஸ்மோடியம் என்ற படர் பயறுச்செடி. தண்டுத் துளைப்பானின் தாய் அந்துப்பூச்சியை டெஸ்மோடியத்தின் மணம் வயலிலிருந்து தள்ளுகிறது, நேப்பியரின் மணம் இழுக்கிறது. நேப்பியரில் இட்ட முட்டை பொரித்தாலும் தண்டில் ஊறும் பிசின் புழுவைப் பிடித்துக்கொள்கிறது. டெஸ்மோடியத்தின் வேர்க்கசிவு காயோங்கோ விதையை முளைக்கத் தூண்டி, ஒட்டவிடாமல் சாகடிக்கிறது. கூடவே தழைச்சத்து. இரண்டும் பசுவுக்குத் தீவனம்.

செய்யும்போது கெடுகிற இடங்கள் இவை. டெஸ்மோடியம் விதை மிகச் சிறியது; இரண்டு பங்கு நுண்மணலோடு கலந்து, நன்றாகப் பொடித்த மண்ணில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் மட்டும் விழ வேண்டும். நாற்று களைபோலவே இருக்கும், முதல் களையெடுப்பில் கூலியாள் அதையே பிடுங்கி எறிந்துவிடுவார். முதல் பருவத்தில் கையால் களை எடுக்க வேண்டும், உழைப்பு அதிகம். வயல் 50 மீட்டருக்கு 50 மீட்டருக்குள் இருக்க வேண்டும். பெரிதானால் நடுவிலுள்ள பயிருக்கு நேப்பியரின் இழுப்பு எட்டாது, இரண்டாகப் பிரிக்க வேண்டும். நேப்பியரை மூன்று மாதத்தில் உள்வரிசையிலிருந்து அறுக்கத் தொடங்கி, அடியில் பத்து சென்டிமீட்டர் விட்டு, எப்போதும் ஒரு வரிசையாவது நிற்கும்படி வைக்க வேண்டும். மூன்று வரிசையையும் ஒரே நாளில் அறுத்தால் பூச்சிக்குப் போக இடமில்லை, வயலுக்கே திரும்பும்.

குத்தகை நிலத்தில் இது நிற்காது. டெஸ்மோடியம் பல்லாண்டுப் பயிர். பலன் இரண்டாம், மூன்றாம் பருவத்தில் தெரியும். ஒரு பருவக் குத்தகைக்காரர் இன்னொருவருக்காக விதைக்க மாட்டார். அறுவடைக்குப்பின் ஊர் மாடுகளை அவிழ்த்துவிடும் வழக்கமுள்ள கிராமங்களில் வேலி இல்லாமல் பிழைக்காது. வருமானத்தில் ஒரு பகுதி பாலில் வரும், எனவே பசு இல்லாத வீட்டுக்குப் புல் வாங்க ஆள் பிடித்துக் கொடுக்க வேண்டும். இதற்கெல்லாம் ஒன்பது மாதக் கடன் உதவாது. பதினெட்டு மாதம், முதல் தவணை ஓராண்டு கழித்து என்றால் பொருந்தும்.

ஏரியோரத்தில் மிதி பம்பு வைத்துக் கீரையும் தக்காளியும் போடுகிறார்கள். தொண்டுத் திட்டங்கள் அடிக்கடி தவறும் இடம் ஒன்று: உறிஞ்சும் உயரம் ஏழு மீட்டர் என்று பெட்டியில் போட்டிருக்கும். மலைமேல் காற்றழுத்தம் குறைவு; இரண்டாயிரம் மீட்டர் உயரத்து ஊரில் அந்த ஏழு கிடைக்காது. கிணற்றில் நீர்மட்டம் கோடையில் எவ்வளவு இறங்கும் என்று அளக்காமல் பம்பு கொடுத்தால், தண்ணீர் மிகத் தேவைப்படும் மாதத்தில் அது காற்றைத்தான் இழுக்கும். ம்பிட்டாவில் நீர் காலடியில் இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை.


நாள் 7 | ஆகஸ்ட் 31 | கிசுமு

வெளியிலிருந்து பணம் கொண்டுவருவோர் செய்யக் கூடாதவை முதலில். நிலம் வாங்க நினைக்க வேண்டாம்; 2010 அரசியலமைப்புப்படி குடிமகன் அல்லாதவருக்கு அதிகபட்சம் 99 ஆண்டுக் குத்தகைதான், விவசாய நிலம் என்றால் அவருக்கு நிலக் கட்டுப்பாட்டு வாரியம் பொதுவாக ஒப்புதலே தராது. நிலத்தை விவசாயியிடமே விட்டுவிட்டு, அவருடைய பணம் எங்கே சிக்குகிறதோ அங்கே போடுவதுதான் இந்த நாட்டுக்குப் பயன்.

அடுத்தது நாணயம். 2024 ஜனவரியில் ஒரு டாலர் சுமார் 160 ஷில்லிங்குக்குப் போனது. சில மாதங்களில் 130க்குத் திரும்பியது. தேயிலையும் அவகாடோவும் டாலரில் விற்கின்றன, டாலர் கடனைத் தாங்கும். மக்காச்சோளமும் பாலும் ஷில்லிங்கில் விற்கின்றன. அவற்றுக்கு டாலரில் கடன் கொடுத்தால், உரம் சரியாகப் போட்டு, பை சரியாகக் கட்டி, எல்லாம் சரியாகச் செய்த சங்கமும் மாற்று விகிதத்தில் மூழ்கும். அந்த இடர்ப்பாட்டைச் சுமக்க வேண்டியவர் கடன் கொடுப்பவர்.

யார் வழியாக? ஊருக்குள் ஏற்கெனவே சாமா இருக்கிறது. நம் ஊர் ஏலம் இல்லாத சீட்டு போல, மாதாமாதம் சேர்த்து முறைவைத்து எடுப்பது. அதற்கு மேலே சாக்கோ எனும் சிக்கனக் கூட்டுறவுச் சங்கங்கள். வைப்புத்தொகை வாங்கும் சாக்கோவுக்கு ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் இருக்கிறதா, கடந்த மூன்றாண்டுத் தணிக்கை அறிக்கை கையில் இருக்கிறதா, கடன் வாங்கியவர்களில் நிர்வாகக் குழுவினரும் உறவினரும் எத்தனை பேர் என்று பார்க்க வேண்டும். 2019இல் கிடங்கு ரசீதுச் சட்டம் வந்திருக்கிறது: உரிமம் பெற்ற கிடங்கில் தானியத்தை வைத்து, அந்த ரசீதை அடமானமாகக் கொண்டு வங்கியில் கடன் வாங்கலாம். பத்து மூட்டைக்காரர் தனியாகப் போனால் வண்டிச் செலவு கட்டாது. இருபது பேர் சேர்ந்து ஒரே தரத்தில், ஒரே ஈரத்தில் ஒரு லாரி நிரப்பினால் கட்டும். அந்த லாரி நிரம்புவதற்கு முன் கிராமத்தில் ஓர் ஈரமானியும் பத்துத் தார்ப்பாயும் வேண்டும். பணத்தின் முதல் துளி அங்கே.

கிபுயே சந்தையில் இன்று கூட்டம். புது மக்காச்சோளம் குவியல் குவியலாக, கோரோகோரோ மேல் கோபுரமாகக் குவித்துக் கொடுக்கிறார்கள். மலிவுக் காலத்தின் அடையாளம் அது. மே மாதம் இதே டப்பாவை வழித்து மட்டமாக அளப்பார்கள்.

அடுத்த நடவு மார்ச் நடுவில். உரம் வீட்டுத் திண்ணைக்கு வர வேண்டியது பிப்ரவரி கடைசிக்குள். அதற்கு ஜனவரியில் மூட்டை பிடித்து லாரியேற வேண்டும், டிசம்பரில் கப்பல் மொம்பாசாவில் நிற்க வேண்டும். சுங்கமும் பரிசோதனையும் கழித்துப் பார்த்தால் ஆர்டர் போட வேண்டியது செப்டம்பரில். நாளைக்குச் செப்டம்பர் 1.